கண்ணை மூடிச் சொன்னது

அது திருச்சியில் வெள்ளம் புகுந்த வருஷத்துக்கு அடுத்த வருஷமா, இல்லை அதற்கும் அடுத்ததா என்பது இப்போது சரியாகப் பிடிபடவில்லை. சபை மூப்பர் அரியமுத்து ஒன்று சொல்வார், அவர் சம்சாரம் வேறொன்று சொல்லும். ஆண்டாயி வீட்டில் அன்றைக்கு அவித்தது தட்டைப்பயறா மொச்சையா என்பதில்கூட ஆளுக்கொரு பேச்சு. நடந்ததில் பாதி ராசாங்கம் சொல்லி வந்தது. மீதி காலனியில் வாய் மாறி வாய் வந்தது. நாளும் தேதியும் அதில் எங்கோ உதிர்ந்துபோயின. பேசிய பேச்சு மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவில், பஸ் போகும் ரோட்டிலிருந்து காலனிக்கு வண்டிப்பாதை பிரிகிற முக்கில் ராசாங்கம் சைக்கிள் கடை வைத்திருந்தான். ஓலைக் கொட்டகை. வாடகைக்கு விட நாலைந்து சைக்கிள், பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்பு. அவன் அந்தக் காலனியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் சம்சாரம் லீலாவதி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே கட்டடம்தான். வார நாளில் கரும்பலகை பிள்ளைகளைப் பார்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சிலுவையை மாட்டுவார்கள். பெரம்பலூரிலிருந்து பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் ஜெபம் பண்ணுவதும் டீச்சர் பொறுப்பு.

லீலாவதிக்குத் தாய் தகப்பன் முகம் தெரியாது. மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் திட்டக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. ஒருத்தி சீப்பை இன்னொருத்தி எடுத்துவிட்டால், பறிகொடுத்தவள் சாயங்கால ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கடவுளிடம் சொல்ல வேண்டும். எடுத்தவளும் கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். மேட்ரன் ஆமென் சொன்னதும் விவகாரம் முடிந்தது. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டியதில்லை. அப்படியே வளர்ந்து, அப்படியே டீச்சர் வேலைக்குப் படித்து, அப்படியே ராசாங்கத்தைக் கட்டிக்கொண்டு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தவள்.

வீட்டிலும் அவளுக்குப் புத்தகத் தமிழ்தான். "சோறு ஆறுகிறது, வாருங்கள்" என்பாள். குழாயடியில் பெண்கள் அவளைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள்: "சகோதரியே, தங்கள் குடத்தைச் சற்றே அப்பால் தள்ளும்." ஆனால் அதே பெண்கள்தான், பிள்ளைக்குச் சிரங்கு என்றால் அவளிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வேப்பிலை வெந்நீர் வைத்துத் தன் கையால் சீழ் துடைப்பாள். முகம் சுளிக்கமாட்டாள். அவள் வாயில் பொய் வந்து ராசாங்கம் கேட்டதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட வந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடவும் மாட்டாள். கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் தகப்பனாரும் இப்படித்தான் தம்பி, கூட்டத் தெரியாமல் காட்டைக் கடனில் விட்டார்" என்று மெல்லச் சொல்வாள். அடி வாங்குகிற பையனென்றால் சாயங்காலம் விளையாடப் போய்விடுவான். இவன் போகமாட்டான். ராசாங்கத்துக்கு அது தெரியும். அந்த மெல்லிய குரலை அவன் வீட்டிலேயே கேட்டிருக்கிறான். கேட்ட அன்றைக்கெல்லாம் கடையிலேயே இருந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லீலாவதிக்கு ஆண்டாயி மகள் மலர்கொடி மேல் உயிர். அஞ்சாம் வகுப்பு. ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்ளும். ஐயரிடம் மன்றாடி, ஜூன் மாதம் அந்தப் பிள்ளைக்குப் போர்டிங்கில் ஓர் இடம் வாங்கி வைத்திருந்தாள். ஈஸ்டர் கழித்து ஐயர் வரும்போது தாய் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஆண்டாயியும் தலையாட்டியிருந்தாள். அவள் புருஷன் மாயவன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டப் போய், சம்பளத்தன்றைக்கு மட்டும் வருகிற ஆள். "எங்கையாட்டம் காய்ப்பு விழாம அவ கையாச்சும் நல்லா இருக்கட்டும், கூட்டிக்கிட்டுப் போங்க டீச்சரம்மா" என்று சொன்னவள் அவள்தான்.

மாசி பிறந்தது. கரிசல் முழுக்கப் பருத்தி வெடித்து வெள்ளை வெள்ளையாய்த் தொங்கியது. பண்ணைக்கார நல்லுசாமி காட்டில் பருத்தி எடுப்பு ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் எடுப்பில் எந்த நெரையில், எந்தச் செடி வரிசையில், யார் இறங்குகிறார்களோ, கடைசி எடுப்புவரை அந்த நெரை அவர்களுடையது. நடுவில் ஒரு எடுப்புக்கு ஆள் இறங்காவிட்டால் நெரை கைமாறிவிடும். அப்புறம் அந்த வருஷத்துக் கூலியை மறந்துவிட வேண்டியதுதான். எடுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் மலர்கொடி பள்ளிக்கூடம் வரவில்லை. தாவணி மாதிரி ஒரு பழைய சேலைத்துண்டை மடி கட்டிக்கொண்டு, தாயின் நெரையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

லீலாவதி ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் இறுகிப் போயிற்று.

லெந்து நாள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பார்கள். அந்த வாரம் ஆண்டாயி வீட்டு முறை. வீட்டை மெழுகி, வாசலில் தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டில் அரிக்கேன் இரவல் வாங்கி, சுண்டல் அவித்து, வெல்லக் காப்பி போட்டு வைத்திருந்தாள். சின்ன வீடு. பொழுது இறங்கும்போது ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. டீச்சர் ஜெபம் பண்ண எழுந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"இரக்கமுள்ள ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். மழைக்கும், நோயாளிகளுக்கும், சர்க்காருக்கும் வேண்டினாள். பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. "ஆண்டவரே, பெற்ற பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு மடியைக் கட்டி வெயிலில் தள்ளியிருக்கும் இந்த வீட்டின்மேல் கோபமாயிராதேயும். தான் நிழலில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையின் உழைப்பைத் தின்கிற சோம்பலை இந்த வீட்டைவிட்டு அகற்றும். கூலிக் காசுக்காக ஒளியை விற்றுவிட்ட தாயின் கண்ணைத் திறந்தருளும்."

யாரோ இருமினார்கள். ராசாங்கம் கண்ணைத் திறந்துவிட்டான். ஆண்டாயி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்த முந்தானைக்குள் ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழம் செருகியிருக்கிறது என்பது காலனி முழுக்கத் தெரியும். நகச்சுத்தி. விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, இரண்டு வாரமாய்த் தூக்கமில்லை. பருத்திக் காயின் நுனி ஊசி. அந்தக் கையால் எடுக்க முடியாது. தெரியாதது டீச்சருக்கு மட்டும்தான். அவள் பாதி நேரம் கண்ணை மூடியிருந்தாள், மீதி நேரம் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

ஆமென் சொன்னார்கள். ஆண்டாயி எழுந்தாள். இடது கையால் கொடுக்கக் கூடாதென்று, அந்த வீங்கிய கையிலேயே கிண்ணத்தைத் தாங்கி, முதல் சுண்டலை டீச்சரிடம் நீட்டினாள். எலுமிச்சம்பழம் கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. லீலாவதி பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அரியமுத்து மூப்பர் கடைக்கு வந்தார். கையில் ஒரு சிலேட்டுப் பலகையும் கிழிந்த புத்தகமும்.

"ஆண்டாயி குடுத்துச்சு. இனிமே இது ஆகாதாம். டீச்சர்கிட்ட ஒப்படைச்சிருன்னுச்சு."

"போர்டிங்கு?"

"போர்டிங்காவது கீர்டிங்காவது. என்ன சொன்னா தெரியுமா? நான் மூணு கோயில் பாத்தவன்டா ராசாங்கம், இப்புடி ஒரு பேச்சு கேட்டதில்ல. 'எல்லாரையும் கண்ண மூடச் சொல்லிட்டு என்னைய அடிச்சாங்க மூப்பரே. நேரா வந்து வைஞ்சிருந்தா நானும் ரெண்டு வைஞ்சிருப்பேன். ஜெபத்துல வைஞ்சா நான் எங்கிட்டுப் போயி எதிர்ப்பேச்சுப் பேசுறது'ங்குறா."

ராசாங்கம் ஸ்பானரைக் கீழே வைத்தான். "அவ சொல்றது நாயந்தானே."

"நாயந்தான். அதுக்கு என்ன பண்றது? உம் பொண்டாட்டிய நீதான் சொல்லணும். எனக்குப் பயம். நாளப்பின்ன என் வூட்டு மொறை வரும். எனக்கு ஏதாச்சும் ஜெபம் பண்ணிச்சுன்னா நான் எந்தக் காட்டுக்கு ஓடுறது?"

மத்தியானம் வீட்டுக்குப் போனான். லீலாவதி கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அதைப் பார்த்தாள். குழம்பை ஊற்றினாள்.

"நீ போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா, லீலா."

"நான் யாருடைய பேரையும் சொல்லவில்லையே."

"பேரு சொல்லல. வூட்டச் சொன்ன. அந்த வூட்டுல உக்காந்துகிட்டே சொன்ன."

"பிள்ளைக்காகத்தான் வேண்டினேன். அதில் என்ன தவறு?"

"அவ வெரலப் பாத்தியா இல்லியா?"

கோழி ஒன்று உள்ளே வந்து பருக்கையைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

"பார்த்தேன்" என்றாள். "ஜெபம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு இரவே முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன்."

"யாருகிட்ட?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ராசாங்கம் பாதிச் சோற்றில் நிறுத்தினான். கையைத் தட்டிலேயே கழுவினான்.

பங்குனி வெயில் ஏறிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து நல்லுசாமி காட்டுக்கு ஓட்டிப்போனான். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான். "வேற ஒண்ணும் பேசாத. தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காதன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. புள்ளையப் பத்தி அப்பறம் நான் பேசிக்கிறேன்." அவள், "சரி" என்றாள். ஒவ்வொரு தடவையும், "சரி" என்றாள்.

காட்டில் பெண்கள் குனிந்து நெரை நெரையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மடிகள் புடைத்திருந்தன. காய்ந்த பருத்தி இலை காலில் நொறுங்கியது. ஆண்டாயி விரலில் துணி சுற்றிக்கொண்டு இடது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். விரல் உடைந்து சீழ் போய் வற்றியிருந்தது. அவளுக்கு முன்னால் மலர்கொடி. டீச்சரைப் பார்த்ததும் பிள்ளை செடிக்குப் பின்னால் போய்விட்டது.

"வாங்க டீச்சரம்மா" என்றாள் ஆண்டாயி. குரலில் ஒன்றுமில்லை. "நெழலு இல்லியே. சோம்பேறி நான், நெழலத் தேடி வைக்கல."

பக்கத்து நெரையில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

"ஆண்டாயி" என்றாள் லீலாவதி. "அன்றைக்கு உன் வீட்டில் நான் ஜெபம் பண்ணியபோது..." நிறுத்தினாள். ராசாங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் மலர்கொடி போன திசையில் போய்விட்டது. "அன்றைக்குச் சொன்னதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். நான் சொன்னது பிள்ளையின் நன்மைக்காக. கோபத்தில் ஒரு பிள்ளையின் வாழ்வைப் பாழாக்கலாமா? தாயானவள் தன் பிள்ளைக்காகத் தன்னைத் தாழ்த்த வேண்டும் அல்லவா?"

ராசாங்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"என்னையத் தாழ்த்திக்கணுமா?" என்றாள் ஆண்டாயி. "குனிஞ்சுதான் டீச்சரம்மா நிக்கிறேன். இதுக்கு மேல எப்புடிக் குனியிறதுன்னு தெரியல."

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"நீங்க எதையுமே சொல்லமாட்டீங்க. வையவும் மாட்டீங்க. ஏன் புள்ளைய அனுப்பலன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, வெரலக் காட்டியிருப்பேன். இன்னம் ஒரு எடுப்பு போவட்டும், அனுப்புறேன்னு சொல்லியிருப்பேன். எங்கிட்டக் கேக்கல. சாமிகிட்டக் கோள் சொன்னீங்க."

கங்காணி தூரத்திலிருந்து சத்தம் போட்டான். ஆண்டாயி குனிந்துகொண்டாள். இருவரும் சைக்கிளில் திரும்பினார்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேட்டில் ஏறும்போது லீலாவதி இறங்கி நடந்தாள். அவன் நிற்கவில்லை, மேட்டுக்கு மேலே போய் வேப்பமரத்தடியில் காத்திருந்தான். அவள் வந்து ஏறிக்கொண்டாள்.

ஈஸ்டர் போயிற்று. ஐயர் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராசாங்கம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மூப்பரைக் கூட்டிக்கொண்டு வந்தான். "இன்னிக்கு வுட்டா போச்சு. நாளைக்கு அவ வல்லன்னா அந்த எடம் வேற புள்ளைக்குப் போயிரும்" என்றான். லீலாவதி ஏற்கெனவே வெள்ளைச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவளைப் பார்க்க அவனுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வார்த்தை சொல்லிக்கொடுத்தவள்.

ஆண்டாயி வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள். மலர்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"என்னத்தா, களி வாசம் தூக்குது" என்றார் மூப்பர்.

"உக்காருங்க, ஒரு உருண்டை திங்கலாம். நீங்க என்ன, வந்து பேசாமத் திங்கிற ஆளு."

மூப்பர் சிரித்தார். கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. ராசாங்கம் லீலாவதியைப் பார்த்தான். அவள் முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். ஆண்டாயி துடுப்பைப் பானையில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவளும் காத்திருந்தாள்; அது நன்றாகவே தெரிந்தது.

சட்டென்று லீலாவதி முழங்காலில் விழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள்.

"ஆண்டவரே, நான் பாவி. இந்த ஏழைச் சகோதரியின் இருதயத்தை என் நாவினால் புண்படுத்தினேன். அவள் வேதனையை அறியாமல் அவளைச் சோம்பேறி என்றேன். அவளுடைய வீட்டிலேயே அவளை அவமானப்படுத்தினேன். என் நாவை நெருப்பினால் சுத்திகரியும். என்னை மன்னியும்."

கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துவரை ஓடியது. வேஷமில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒரு ஜெபம் பண்ணி அவன் கேட்டதில்லை. மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்கத்தில், "ஆமென்" என்றார். ராசாங்கம் மட்டும் கண்ணை மூடவில்லை. ஆண்டாயியும் மூடவில்லை. அவள் டீச்சரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லீலாவதி எழுந்து திரும்பினாள். முகம் தெளிந்திருந்தது. பெரிய பாரம் இறங்கின மாதிரி மெல்லச் சிரிக்கவும் செய்தாள்.

"சாமிகிட்டச் சொல்லிட்டீங்க" என்றாள் ஆண்டாயி. "நானும் இங்கனதான் டீச்சரம்மா நின்னுக்கிட்டிருக்கேன்."

பானையில் களி கொப்புளம் விட்டு வெடிக்கும் சத்தம் கேட்டது. மலர்கொடி உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்திருந்தது. லீலாவதியின் சிரிப்பு போய்விட்டது. வாய் திறந்தது, மூடியது. யாரும் அவளுக்கு உதவ முடியாத ஓர் இடத்தில் அவள் நின்றாள்.

ராசாங்கத்துக்குத் தாங்கவில்லை. "நான் கேக்குறேன் ஆண்டாயி. எனக்காவ வுட்டுரு. எல்லாத்துக்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"நீ என்னண்ணே பண்ணுன? நீ ஒண்ணும் பண்ணல."

"புள்ளையப் பாரு. அதோட தலையெழுத்து."

"அதப் பாத்துத்தான் சொல்றேன். அங்க போயி படிச்சு இவங்களாட்டம் ஆயிட்டான்னா? எம் முன்னாடி நிக்கயில செவுத்தப் பாத்துத்தான் பேசுவா. எனக்கு அது வேணாம். மூஞ்சியப் பாத்து என்னைய நாலு வைதாலும் சரி, எங்கிட்டயே கெடக்கட்டும்."

மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டது. லீலாவதி மெதுவாக, "களி அடி பிடிக்கிறது, ஆண்டாயி" என்றாள்.

அது ஒன்றுதான் அவள் ஆண்டாயி முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னது.

ஆண்டாயி போய்த் துடுப்பைப் பிடித்தாள். மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்ததும் லீலாவதி, "தொண்டை வரைக்கும் வந்தது" என்றாள். "உண்மையாகவே வந்தது." ராசாங்கம் முன்னால் நடந்தான். வாயைத் திறந்தால் என்ன சொல்வான் என்று அவனுக்கே பயமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவளை ஓங்கி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும்போல வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் ஐயர் வந்தார். ஆண்டாயி வரவில்லை. போர்டிங் இடம் கீழ்ப்புலியூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்குப் போயிற்று. மலர்கொடி நல்லுசாமி காட்டில் இன்னும் நாலைந்து வருஷம் பருத்தி எடுத்தது. பிறகு செந்துறைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள். மாயவன் கல்லுக்குழியில் கால் ஒடிந்து வீட்டோடு வந்துவிட்டான். ஆண்டாயி கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசிப் பாயில் உட்காருவாள், ஜெபத்தின்போது கண்ணை மூடமாட்டாள். அரியமுத்து மூப்பர் வீட்டில் அதன் பிறகு ஜெபக்கூட்டம் முறை வரும்போதெல்லாம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. லீலாவதி டீச்சர் சபையில் வாய்விட்டு ஜெபம் பண்ணுவதை விட்டுவிட்டாள். கேட்டால், ஜெபப் புத்தகத்தில் அச்சிட்டிருந்ததை மட்டும் வாசிப்பாள். ரிட்டையர் ஆனதும் இருவரும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். ராசாங்கம் அங்கேயும் ஒரு சைக்கிள் கடை வைத்தான். ஊரைவிட்டுப் பஸ் ஏறின அன்று காலனியே வந்து நின்றது. ஆண்டாயியும் வந்திருந்தாள். பஸ் கிளம்பும்வரை இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.